வீட்டுக்குப் படி எத்தனை?

உங்கள் வீட்டு வாசலில் மொத்தம் எத்தனை படி? எழுந்து போய் எண்ணாமல் சொல்லவேண்டும். அரிசி மூட்டை சமையலறையில் எந்த மூலையில் இருக்கிறது? பக்கத்து வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரருக்கு எத்தனை பிள்ளைகள், மூத்தவன் பெயர் என்ன? தெருக்கிணறு உங்கள் வாசலிலிருந்து எத்தனை அடி தூரம்? கல்யாணத்தன்று உங்கள் மாமியாரின் அம்மா உயிரோடு இருந்தாரா? இல்லையென்றால் எங்கே புதைத்தார்கள்?

இதில் இரண்டு கேள்விக்குத் தடுமாறினாலும் உங்கள் பெண்டாட்டியை அடுத்த கப்பலில் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியர்க்கிறதல்லவா?

கற்பனையாகச் சொல்லவில்லை. 1910-லிருந்து 1940 வரைக்கும் சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவில், ஏஞ்சல் தீவு என்கிற இடத்தில் கிட்டத்தட்ட தினப்படி நடந்த காரியம். தேவதையின் பெயரை வைத்துக்கொண்டு இப்படி ஒரு தீவு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கள்ளத்தோணி ஏறிப் போனவர்கள், எல்லை வேலியைத் தாண்டிக் குதித்தவர்கள் கதை வேறு. அதற்கு சினிமாவே எடுத்திருக்கிறார்கள். இது ஒழுங்காக டிக்கெட் வாங்கி, ஒழுங்காக மனு எழுதி, கேட்ட ஃபீஸைக் கட்டி, கட்டிய புருஷனோடு சேர்ந்து குடித்தனம் நடத்தப் போனவர்களின் கதை. ஒரு சாகசமும் கிடையாது. ஆகவே யாரும் படம் எடுக்கவும் மாட்டார்கள்.

கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று 1849 வாக்கில் உலகமே அங்கே ஓடியது. தென் சீனத்திலிருந்தும் ஓடினார்கள். அமெரிக்காவுக்கு அவர்கள் வைத்த பெயரே பொன்மலை. தங்கம் தீர்ந்தபிறகு ரயில் பாதை போடும் வேலை. மலையைக் குடைய, பாறையை வெடிவைத்துத் தகர்க்க, பனியில் சாக ஆள் வேண்டியிருந்தது. எல்லாம் ஆண்கள். அந்த வேலையும் 1869-ல் முடிந்தது. வெள்ளைக்காரத் தொழிலாளிகளுக்குக் கோபம் வந்தது, 'இவன் ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறான்?'

இருப்பவனைத் துரத்துவது கஷ்டம். அவன் குடும்பம் வராமல் பார்த்துக்கொண்டால் தானாகக் கிளம்பிவிடுவான் அல்லது ஒரு தலைமுறையோடு தீர்ந்துவிடுவான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. போட்ட சட்டங்களை வரிசையாக எடுத்துவைத்துப் பார்த்தால் போதும்.

முதல் சட்டம் 1875-ல் வந்தது. பேஜ் சட்டம் என்று பெயர். விபசாரத்துக்காக அழைத்துவரப்படும் கீழைநாட்டுப் பெண்களைத் தடுக்கும் சட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வருகிற பெண் விபசாரியா, மனைவியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஹாங்காங்கில் உட்கார்ந்திருந்த அமெரிக்க கான்சல்தான் முடிவு செய்வார். நீ ஒழுக்கமானவளா, எதற்குப் போகிறாய், யாரிடம் போகிறாய் என்று குடைந்து குடைந்து கேள்வி. போட்டோ எடுத்து முன்கூட்டியே சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிடுவார்கள். இறங்குகிறபோது முகத்தோடு ஒப்பிட்டு, மறுபடி அதே கேள்விகள். தான் விபசாரி இல்லை என்று ஒரு குடும்பப் பெண் எதை வைத்து நிரூபிப்பாள்? பெரும்பாலானவர்கள் அந்தக் கான்சல் ஆபீஸ் வாசலை மிதிக்கவே கூசி, கிராமத்தோடு இருந்துவிட்டார்கள்.

1875 அல்லவா, அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நம் நாட்டுப் பெண் ஒருவர் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது, டீச்சர். அங்கே நிச்சயமான மாப்பிள்ளையைக் கல்யாணம் செய்துகொள்ளப் போயிருந்தார். கல்யாணம் ஆகாத பெண்ணென்றால் விசா இல்லாமல் இறங்கலாம், ஏற்கெனவே மனைவியென்றால் முன்னாடியே அனுமதி வாங்கியிருக்கவேண்டும். அதிகாரிகளுக்குச் சந்தேகம். எப்படித் தீர்த்துக்கொண்டார்கள்? டாக்டரைக் கூப்பிட்டுக் கன்னித்தன்மைப் பரிசோதனை. கார்டியன் பத்திரிகை போட்டு உடைத்தது. ஏதோ ஒன்றிரண்டு நடந்திருக்கலாம் என்கிற ரீதியில் அரசாங்கம் பேசியது. 2011-ல் பழைய கோப்புகள் வெளியே வந்தபோதுதான் 80-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு, அதுவும் இந்தியாவிலேயே விசா கொடுக்கும் இடத்தில் வைத்து, இது நடந்திருப்பது தெரிந்தது.

சரி, கலிஃபோர்னியாவுக்குத் திரும்புவோம்.

1882-ல் சீனத் தொழிலாளிகள் யாருமே வரக்கூடாது என்று சட்டம். ஏற்கெனவே இருப்பவன் இருக்கலாம். அவன் பெண்டாட்டி? 1884-ல் கோர்ட் சொன்னது: தொழிலாளியின் மனைவிக்குத் தொழிலாளியின் அந்தஸ்துதான். தொழிலாளி வரக்கூடாது, ஆகவே அவளும் வரக்கூடாது. 1890-ம் வருட மக்கள்தொகைக் கணக்கில் அமெரிக்காவில் இருந்த சீன ஆண்கள் 1,03,620 பேர். பெண்கள் 3,868 பேர். சராசரியாக இருபத்தியேழு ஆணுக்கு ஒரு பெண்.

ஒரே ஒரு சந்து இருந்தது. 1880-ல் சீனாவோடு போட்ட ஒப்பந்தப்படி வியாபாரிகளைத் தடுக்கமுடியாது. வியாபாரி வரலாமென்றால் அவர் மனைவியும் வரலாம் என்று 1900-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. போதாதா? சான்ஃபிரான்சிஸ்கோ சீனர்கள் எல்லோரும் வியாபாரிகளாக ஆரம்பித்தார்கள்.

பி.காம். படித்தவன் என்கிற முறையில் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்துவிடுகிறது. பார்ட்னர்ஷிப் என்பதற்கு நாங்கள் பரீட்சையில் எழுதிய இலக்கணம் வேறு. இங்கே ஒரு சின்ன மளிகைக் கடையில் பத்துப் பதினைந்து பங்குதாரர்கள். லாபத்துக்காகச் சேர்ந்தவர் எத்தனை பேர், பெண்டாட்டிக்காகச் சேர்ந்தவர் எத்தனை பேர் என்பது கடைக்காரருக்கே வெளிச்சம். அரசாங்கம் மட்டும் சும்மா இருக்குமா? வியாபாரி என்று சொல்லிக்கொள்பவர் கடந்த ஒரு வருடத்தில் உடலுழைப்பு எதுவும் செய்திருக்கக்கூடாது என்றது. அதற்குச் சீனரல்லாத இரண்டு பேர் சாட்சி சொல்லவேண்டும் என்றது. லாண்டரி வைத்திருப்பவர் வியாபாரி இல்லை என்றது. துணியைத் துவைக்கிறாரே, அது கூலி வேலை. தினம் பத்து மணி நேரம் துவைத்துப் பணம் சேர்த்தவன் அந்தப் பணத்தைப் பங்காகப் போட்டுவிட்டு, ஒரு வருடம் கையைக் கட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கவேண்டும். அப்புறம் இரண்டு வெள்ளைக்காரர்களைப் பிடித்து, வக்கீலைப் பிடித்து, மனு போட்டு, மனைவிக்கு டிக்கெட் அனுப்பவேண்டும்.

அந்த மனைவி வந்து இறங்கும் இடம்தான் ஏஞ்சல் தீவு.

கப்பல் துறைமுகத்துக்கு வரும். முதல் வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே விசாரித்து அனுப்பிவிடுவார்கள். மற்றவர்களைப் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோவார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். புருஷன் பெண்டாட்டி சேர்ந்தே வந்திருந்தாலும் தனித்தனிக் கொட்டடிதான். விசாரணை முடிகிறவரைக்கும் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. போய்ப் பேசிவைத்துக்கொண்டு ஒரே பதிலைச் சொல்லிவிட்டால்?

முதலில் டாக்டர் வருவார். கொக்கிப்புழு இருக்கிறதா என்று மலத்தைப் பரிசோதிப்பார்கள். இருந்தால் ஆஸ்பத்திரி, அந்தச் செலவும் உங்களுடையதே. பிறகு காத்திருப்பு. பிறகு விசாரணை அறை. இரண்டு அதிகாரிகள், ஒரு சுருக்கெழுத்தாளர், ஒரு மொழிபெயர்ப்பாளர். ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தக் கேள்விகள். மனைவியைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். கணவனைத் தனியாக அழைத்து அதையே கேட்பார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அவள் வாசலில் ஐந்து படி என்கிறாள், இவன் நான்கு என்கிறான். போச்சு.

நினைத்துப் பாருங்கள். அவன் ஊருக்குப் போய் எட்டு வருடம் ஆகியிருக்கும். கல்யாணத்துக்குப் போனவன் சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருப்பான். அந்தச் சில மாதத்தில் புதுப் பெண்டாட்டியைப் பார்ப்பானா, வாசல்படியை எண்ணுவானா?

அதிகாரிகள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. சொல்லிவிடவேண்டும். 1906 ஏப்ரலில் பூகம்பம் வந்து, தீ பிடித்து, சான்ஃபிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எல்லாம் சாம்பலாகிவிட்டன. அமெரிக்காவில் பிறந்தவர் யாராக இருந்தாலும் அமெரிக்கப் பிரஜைதான் என்று 1898-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வேறு இருந்தது. நான் இங்கேதான் பிறந்தேன், ரெக்கார்டு எரிந்துவிட்டது என்றால் யாரால் மறுக்கமுடியும்? அப்படிப் பிரஜையானவர்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு மகன் பிறந்ததாகப் பதிவு செய்வார்கள். அந்த மகனின் இடம் விலைக்குப் போகும். காகிதப் பிள்ளைகள் என்றே இவர்களுக்குப் பெயர். பொய் நிறைய நடந்தது. அதனால் கேள்வி கடுமையானது. கேள்வி கடுமையானதால் உண்மையான உறவுக்காரர்களே பதில்களை எழுதிவைத்து, கப்பலில் வரும்போது மனப்பாடம் செய்து, துறைமுகம் நெருங்கும்போது காகிதத்தைக் கடலில் வீசினார்கள். நிஜமான மனைவி, நிஜமான கல்யாணத்தைப் பற்றி நோட்ஸ் வைத்துப் படித்தாள்.

அந்த 1898 தீர்ப்பை வாங்கித்தந்தவர் வோங் கிம் ஆர்க் என்கிற சமையல்காரர். வழக்கில் ஜெயித்து அமெரிக்கக் குடியுரிமைச் சட்டத்தில் நிரந்தர இடம் பிடித்தவர். அவருடைய மனைவி சீனாவிலேதான் இருந்தார். 1910-ல் மூத்த மகன் வந்தபோது, அப்பாவும் பிள்ளையும் சொன்ன பதில்கள் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டத்தைச் சம்பாதித்துக் கொடுத்தவருக்கே இந்தக் கதி.

முப்பது வருடத்தில் சுமார் ஒரு லட்சம் சீனர்களை அந்தத் தீவில் வைத்திருந்தார்கள். சிலருக்கு நாள் கணக்கு, சிலருக்கு வாரக் கணக்கு. நிராகரித்தால் வாஷிங்டனுக்கு அப்பீல் செய்யலாம், மாதக் கணக்கு. வக்கீல் ஃபீஸ் தனி. கிட்டத்தட்ட இரண்டு வருடம் அங்கேயே இருந்தவர்களும் உண்டு. ஆண்கள் கொட்டடியின் மரச்சுவர்களில் கத்தியால் செதுக்கிய சீனக் கவிதைகள் இன்றைக்கும் இருக்கின்றன. பெண்கள் இருந்த கட்டடம் 1940-ல் தீப்பிடித்து எரிந்துபோனது. அதிலேயும் எழுதியிருந்தார்கள் என்கிறார்கள். ஒரு வரிகூட மிச்சமில்லை.

இப்போது உச்சக்கட்டத்துக்கு வருகிறேன்.

1924-ல் புதுச் சட்டம் வந்தது. குடியுரிமை பெறத் தகுதியில்லாத இனத்தவர் யாரும் குடியேற வரக்கூடாது. தகுதியில்லாத இனம் என்றால் சீனர், ஜப்பானியர், முந்தைய வருடம் சுப்ரீம் கோர்ட் சொன்னபடி இந்தியர். ஜூலை ஒன்றாம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. பத்து நாள் கழித்து, ஜூலை 11-ம் தேதி, பிரசிடென்ட் லிங்கன் என்கிற கப்பலில் சான்ஃபிரான்சிஸ்கோவுக்குச் சில மனைவிகள் வந்து சேர்ந்தார்கள். கணவன்மார்கள் சீன வம்சாவளி. ஆனால் அமெரிக்கப் பிரஜைகள். உள்ளே விடமாட்டேன் என்றது அரசாங்கம். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. அதே சமயத்தில் இன்னொரு வழக்கும் போனது. அது சீன வியாபாரிகளின் மனைவிகள் போட்டது. அந்த வியாபாரிகள் அமெரிக்கப் பிரஜைகள் கிடையாது.

1925 மே 25-ம் தேதி ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு. இரண்டையும் எழுதியவர் ஒரே நீதிபதி, மெக்ரேனால்ட்ஸ்.

வியாபாரியின் மனைவி வரலாம். ஏனென்றால் சீனாவோடு ஒப்பந்தம் இருக்கிறது. அமெரிக்கப் பிரஜையின் மனைவி வரக்கூடாது. ஏனென்றால் அமெரிக்கா தன் பிரஜையோடு ஒப்பந்தம் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.

இதை இரண்டாவது தடவை படித்துப் பாருங்கள். நான் ஐந்தாறு தடவை படித்தேன். வெளிநாட்டுக்காரன் பெண்டாட்டியோடு வாழலாம், உள்நாட்டுக்காரன் வாழக்கூடாது. ஐந்து வருடம் கழித்து 1930-ல் கொஞ்சம் இரங்கி, 1924 மே 26-க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்கள் மட்டும் மனைவியை அழைத்துக்கொள்ளலாம் என்று திருத்தினார்கள். அதற்குப் பிறகு தாலி கட்டியவன் பாடு அவன் பாடு.

வெள்ளைக்காரப் பெண்களாவது நிம்மதியாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. 1907-ல் வந்த ஒரு சட்டப்படி, வெளிநாட்டவனைக் கல்யாணம் செய்துகொண்ட அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமை அன்றோடு போய்விடும். எதெல் மெக்கன்ஸி என்கிற கலிஃபோர்னியாப் பெண்மணி, பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று போராடியவர். ஓட்டுரிமை கிடைத்தது. 1913-ல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனார். உன் புருஷன் பிரிட்டிஷ்காரன், நீ அமெரிக்கப் பிரஜையே இல்லை, வீட்டுக்குப் போ என்றார்கள். 1915-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. தெரிந்துதானே கட்டிக்கொண்டாய் என்பது அதன் சாரம்.

நம்மவர்கள்? பஞ்சாபிலிருந்து போன விவசாயிகள் கலிஃபோர்னியாவில் நல்ல பயிர்த்தொழில்காரர்கள் என்று பெயரெடுத்தவர்கள். 1917-ல் இந்தியா மொத்தத்தையும் தடை செய்த பிரதேசத்தில் சேர்த்துவிட்டார்கள். மனைவிகளை அழைக்க வழியில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரலாமென்றால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது சந்தேகம். பல பேர் அங்கேயே மெக்சிகோ நாட்டுப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். வேறு இனத்தில் மணக்கத் தடைச்சட்டம் இருந்த மாகாணம் அது. ஆனால் கல்யாண லைசென்ஸ் கொடுக்கிற குமாஸ்தாவுக்கு இரண்டு பேருமே பழுப்பு நிறமாகத் தெரிந்தார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டார். இம்பீரியல் பள்ளத்தாக்கிலும் யூபா சிட்டியிலும் ஹோசே சிங், மரியா சிங் என்றெல்லாம் பிள்ளைகள் பிறந்தது இப்படித்தான். அவர்களில் சிலருக்கு ஜலந்தரில், ஹோஷியார்பூரில் முதல் மனைவி இருந்தார். 1946-ல் கதவைத் திறந்தார்கள். வருடத்துக்கு 100 இந்தியர்கள். நூறாயிரம் இல்லை, நூறு.

இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. ஐரோப்பாவுக்குச் சண்டை போடப்போன அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஜெயித்துவிட்டு வரும் பையனிடம் கோட்டா கணக்கெல்லாம் பேசமுடியாது. 1945 டிசம்பர் 28-ம் தேதி போர் மணப்பெண்கள் சட்டம். அரசாங்கமே கப்பல் வைத்து அழைத்துவந்தது. 1946 பிப்ரவரியில் எஸ்.எஸ். அர்ஜென்டினா கப்பலில் 450 பிரிட்டிஷ் மணப்பெண்களுக்கு மேல் வந்து நியூயார்க்கில் இறங்கியபோது பத்திரிகைக்காரர்கள் முண்டியடித்தார்கள். இவ்வளவு சுலபமாகவும் செய்யமுடியும் என்பதற்கு அது அத்தாட்சி.

எல்லன் நாஃப் என்கிற பெண்மணி மட்டும் மாட்டிக்கொண்டார்.

எல்லன் ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண். ஹிட்லருக்குத் தப்பி செக்கோஸ்லோவாகியா, அங்கிருந்து இங்கிலாந்து. போரில் பிரிட்டிஷ் விமானப் படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தார். போர் முடிந்து, ஜெர்மனியில் இருந்த அமெரிக்க ராணுவ அலுவலகத்தில் வேலை. அங்கே குர்ட் நாஃப் என்கிற முன்னாள் அமெரிக்க ராணுவ வீரரைச் சந்தித்தார். 1948 பிப்ரவரியில், முறைப்படி ராணுவத் தலைமையிடம் அனுமதி வாங்கிக் கல்யாணம். 1948 ஆகஸ்ட் 14-ம் தேதி நியூயார்க் வந்து இறங்கினார். சட்டம் அவர் பக்கம். நேராக எல்லிஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள்.

ஏன் என்று கேட்டார். சொல்லமாட்டோம் என்றார்கள். குர்ட் கேட்டார். சொல்லமாட்டோம். அக்டோபரில் அட்டர்னி ஜெனரல் டாம் கிளார்க் முடிவாக உத்தரவு போட்டார்: நாட்டின் பாதுகாப்பைக் கருதி அனுமதி மறுக்கப்படுகிறது. என்ன ஆதாரம்? ரகசியம். விசாரணை? கிடையாது. கோர்ட் கோர்ட்டாக ஏறினார்கள். 1950 ஜனவரி 16-ம் தேதி சுப்ரீம் கோர்ட் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அரசாங்கம் செய்தது சரியென்றது. வெளியே நிற்கும் அந்நியருக்கு, பார்லிமெண்ட் எந்த முறையைக் கொடுத்திருக்கிறதோ அதுதான் நியாயமான முறை. அதற்குமேல் கேட்க உரிமையில்லை. டாம் கிளார்க் அதற்குள் அதே சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதியாகியிருந்தார். இந்த வழக்கில் மட்டும் ஒதுங்கிக்கொண்டார், நல்லவேளை.

தீர்ப்போடு மாறுபட்ட மூன்று பேரில் ஒருவர் ராபர்ட் ஜாக்ஸன். நியூரம்பெர்கில் நாஜித் தலைவர்களைக் கூண்டில் ஏற்றி வாதாடியவர். ஒரு அமெரிக்கப் பிரஜையைப் பார்த்து, உன் மனைவியை விட்டுவிட்டு ஊரில் இரு, இல்லாவிட்டால் ஊரை விட்டுவிட்டு மனைவியோடு இரு, காரணத்தை மட்டும் கேட்காதே என்று அரசாங்கம் சொல்கிறது, இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்கிற பொருளில் எழுதினார். சிறுபான்மைத் தீர்ப்பு. ஆனால் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அந்த வருடம் மே மாதம் எல்லனை விமான நிலையத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள். விமானம் கிளம்பச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஜாக்ஸனின் தடை உத்தரவு வந்து சேர்ந்தது.

கடைசியில் 1951-ல் ஒரு விசாரணை நடத்தினார்கள். ரகசியம் வெளியே வந்தது. செக் நாட்டு அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார் என்று சிலர் சொன்னார்கள். எல்லாம் கேள்விப்பட்டேன், சொன்னார்கள், இருக்கலாம் ரகம். மேல்முறையீட்டுக் குழு இது ஆதாரமே இல்லை என்று தள்ளியது. 1951 நவம்பர் 2-ம் தேதி எல்லன் சுதந்திரமாக அமெரிக்க மண்ணில் கால் வைத்தார். மூன்று வருடம், இரண்டரை மாதம். அடுத்த வருடம் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். குர்டும் அவரும் பிற்பாடு விவாகரத்து செய்துகொண்டார்கள். எதனால் என்பது அவர்கள் விஷயம். ஆனால் கல்யாணமான முதல் நான்கு வருடங்களில் மூன்றை வக்கீல் ஆபீசில் கழித்தவர்கள் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

1965-ல் இனவாரிக் கோட்டா ஒழிந்தது. அமெரிக்கப் பிரஜையின் கணவனோ மனைவியோ எந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இல்லாமல் வரலாம். நமது கம்ப்யூட்டர் இன்ஜினீயர்கள் சாரிசாரியாகக் கிளம்பிய காலத்துக்கு வந்துவிட்டோம். இங்கேதான் 1925-ன் ஆவி மறுபடி எழுந்து உட்கார்ந்தது.

பச்சை அட்டை வைத்திருப்பவர் பிரஜை இல்லை. அவர் மனைவிக்கு வரிசை உண்டு. இந்த ரகத்தில் மனைவி, கணவன், சின்னக் குழந்தைகள் எல்லாருக்கும் சேர்த்து, உலகம் முழுவதற்கும், வருடத்துக்கு சுமார் 88,000 இடம். தொண்ணூறுகளின் கடைசியிலும் 2000-த்தின் ஆரம்பத்திலும் அந்த வரிசை நாலைந்து வருட நீளத்துக்கு நின்றது. ஆனால் ஹெச்-1பி விசாவில், மூன்று வருட ஒப்பந்தத்தில் போன பையன்? அவன் மனைவிக்கு ஹெச்-4. சில வாரத்தில் கிடைக்கும், அடுத்த ஃப்ளைட்டில் ஏறலாம். தற்காலிகமாகப் போனவன் குடும்பத்தோடு இருந்தான், நிரந்தரமாக இருக்க அனுமதி வாங்கியவன் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டான்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு இது தெரியாது. பச்சை அட்டை மாப்பிள்ளை என்றால் ஒரு மாற்று அதிகம் என்றுதான் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் நினைத்தார்கள். கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளை இரண்டு வார லீவு முடிந்து பறந்தபிறகுதான் விஷயம் புரியும். டூரிஸ்ட் விசாவில் போய்ப் பார்க்கலாமென்றால், கணவர் அங்கே இருக்கிறார், நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள் என்று கான்சலேட்டில் மறுத்துவிடுவார்கள். அவர் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து இருந்தால் பச்சை அட்டை போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு ஹாலில் இரண்டு கடிகாரம் மாட்டியிருந்தார்கள். ஒன்றில் நம் நேரம், ஒன்றில் நியூஜெர்சி நேரம். அந்தப் பெண் முதுகலை முடித்து, பி.எட். முடித்து, ஹிந்தியில் பிரவீண் வரைக்கும் முடித்துவிட்டார். வேறென்ன செய்வது?

விவரம் தெரிந்தவர்கள் ஒரு உபாயம் கண்டுபிடித்தார்கள். பச்சை அட்டை கைக்கு வருவதற்கு முன்னால் கல்யாணம் ஆகியிருந்தால் மனைவிக்கு அந்த வரிசை கிடையாது. கணவனின் மனுவோடேயே அவளும் போய்விடலாம். ஒரு நாள் முன்னால் தாலி ஏறினால் கூடவே குடித்தனம், ஒரு நாள் தள்ளி ஏறினால் ஐந்து வருடம். முகூர்த்தம் பார்க்கிற ஜோசியரை விட்டுவிட்டு அட்டர்னியிடம் தேதி கேட்ட குடும்பங்கள் உண்டு. பச்சை அட்டையைக் கொஞ்சம் மெதுவாகக் கொடுங்கள், இன்னும் பெண் அமையவில்லை என்று மனுவைத் தள்ளிப்போட முடியுமா என்று வக்கீலை நச்சரித்த பையன்களும் உண்டு.

2000 டிசம்பரில் கிளின்டன் போகிற போக்கில் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மூன்று வருடமாகக் காத்திருப்பவர்கள் வி என்கிற புது விசாவில் வந்து மிச்சக் காத்திருப்பை அமெரிக்காவிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் 2000 டிசம்பர் 21 வரைக்கும் மனு போட்டவர்களுக்கு மட்டும். 1930-ஐப் போலவே ஒரு தேதி. ஹெச்-4 மனைவிகளுக்கும் வேறொரு பூட்டு இருந்தது. கூட வாழலாம், வேலை பார்க்கக்கூடாது. எம்.டெக். படித்த பெண்கள் பத்து வருடம் கூப்பன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். 2015 மே மாதம்தான், அதுவும் கணவரின் பச்சை அட்டை மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால், வேலை பார்க்கலாம் என்று தளர்த்தினார்கள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1882-ல் கப்பலில் வந்து இறங்கும் ஆளுக்குத் தலைவரி 50 சென்ட். 1907-ல் 4 டாலர். 1917-ல் 8 டாலர். மனைவிக்கு மனுப்போடும் முதல் படிவத்துக்கு மட்டும் 2010-ல் 420 டாலர், 2016 கடைசியில் 535 டாலர், 2024 ஏப்ரலில் காகிதத்தில் அனுப்பினால் 675 டாலர். இது முதல் படிவம். அப்புறம் விசா கட்டணம், மெடிக்கல், மொழிபெயர்ப்பு, வக்கீல். நிராகரித்தால் ஒரு டாலர் திரும்ப வராது. கணவரின் வருமானம் வறுமைக் கோட்டுக்கு 125 சதவீதம் இருக்கிறது என்று காட்டவேண்டும், இல்லாவிட்டால் யாராவது ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும். கல்யாணமாகி இரண்டு வருடத்துக்குள் உள்ளே போனால் 1986-ம் வருடச் சட்டப்படி முதலில் இரண்டு வருடத்துக்கு நிபந்தனை அட்டைதான். அது முடியும்போது இன்னொரு படிவம், இன்னொரு ஃபீஸ். சந்தேகம் வந்தால் நியூயார்க்கில் ஸ்டோக்ஸ் இன்டர்வியூ என்று ஒன்று உண்டு. 1976-ல் முடிவுக்கு வந்த ஒரு வழக்கின் பெயர். கணவனைத் தனியாக, மனைவியைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பார்கள். கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பீர்கள், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், படுக்கையறையில் எத்தனை ஜன்னல்.

பச்சை அட்டைக்காரர்களின் மனைவிமாருக்கான வரிசை 2019 ஜூலையில் திடீரென்று இல்லாமல் போனது. மனு தயாரானால் விசா என்கிற நிலைமை. கிட்டத்தட்ட நான்கு வருடம் அப்படியே இருந்தது. 2023 ஏப்ரலில் அந்தக் கட்டத்தில் மறுபடி ஒரு பழைய தேதி முளைத்தது. பெண் வீட்டார் மறுபடி தரகரிடம் கேட்க ஆரம்பித்தார்கள், 'பையன் என்ன விசா?'